மஞ்சள் பஸ்ஸின் பழுப்புப் படம்

1

நான் வேலை செய்யும் சலவைக்கூடத்துக்கு மூன்று ஆஸ்பத்திரிகளின் துணி வரும். படுக்கை விரிப்பு, தலையணை உறை, டாக்டர்மாரின் மேலங்கி. எல்லாம் வெள்ளை. காலை ஆறு மணியிலிருந்து இரண்டரை வரை நான் வெள்ளையைத்தான் பார்க்கிறேன். இது ஜெர்மனியின் வடபக்கம். சின்ன நகரம். போன பங்குனியோடு நான் இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் முடிந்தது.

அந்த மாதம் எங்கள் மேற்பார்வைக்கார அம்மா சாப்பாட்டு அறையில் ஒரு காகிதம் ஒட்டினார். சுவர் வெறுமையாக இருக்கிறது, ஒவ்வொருவரும் தன் ஊர்ப் படம் ஒன்று கொண்டுவாருங்கள், மாட்டலாம் என்று. துருக்கிக்காரர் ஒருவர் கடலைக் கொண்டுவந்தார். போலந்துப் பெண் ஒரு தேவாலயம் கொண்டுவந்தாள். நான் ஒரு பஸ் கொண்டுபோனேன்.

இலங்கை மலைநாட்டில், மஸ்கெலியா ரோட்டில், நீர்த்தேக்கத்துக்கு மேல்பக்கம், ஒரு வளைவில் நிற்கும் பழைய பஸ். டயர் இல்லை. அடுக்கிய கல்லின் மேல் உட்கார்ந்திருக்கிறது. படம் முழுக்கப் பழுப்பு. பின்னால் பனி. தேயிலை தெரிந்தும் தெரியாமலும் இருக்கும்.

எல்லாரும் எழுந்து வந்து பார்த்தார்கள். துருக்கிக்காரர் என் தோளில் கை வைத்தார். எத்தனை வருடத்துக்கு முந்தி எடுத்தது என்று கேட்டார்.

ஜனவரியில் என்றேன்.

அவர் நம்பவில்லை. எனக்கு வருடத்தைச் சொல்லத் தெரியவில்லை, அதனால் மாதத்தைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் திருத்தவில்லை. இங்கே என் பேச்சு பாதி அப்படித்தான் முடியும்.

அந்தப் படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பெருமைக்கு எழுதவில்லை.

2

ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகு. முன்பு போனபோது மனைவி இருந்தாள். இம்முறை தனியே. மகள் அனு வேறு நகரத்தில் வேலை செய்கிறாள், இங்கிருந்து ரயிலில் மூன்று மணி நேரம். லீவு இல்லை என்றாள். தன் பழைய போனை மட்டும் அனுப்பிவைத்தாள்.

"அப்பா, அதுல கேமரா நல்ல கேமரா. பாக்கிறதெல்லாம் எடுங்க. எனக்கும் அனுப்புங்க."

எடுத்தேன். ஆட்களை எடுக்கவில்லை. ஆட்களை எடுக்க எனக்குக் கூச்சம். ரோட்டோரத்துச் சாமான்களை எடுத்தேன். வட்டவளையில் பாசி பிடித்த மைல்கல் ஒன்று. ஹட்டன் பக்கம் ஒரு சிவப்புத் தபால் பெட்டி. அதன் வாயை யாரோ தகரத்தால் அடைத்திருந்தார்கள். கையால் அடிக்கிற பழைய பெட்ரோல் பம்பு. கண்ணாடி போய் உள்ளே செடி முளைத்திருந்தது. மலையிலிருந்து தேயிலைக் கொழுந்து மூட்டை இறங்க முன்னொரு காலம் கட்டிய கம்பியின் இரும்புக் கால். இதெல்லாம் நான் தினமும் தாண்டிப் போனவை. அப்போது திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. இங்கே வந்து இருபத்திரண்டு வருடம் இருந்தால்தான் மைல்கல்லைப் பார்க்கத் தோன்றும் போலிருக்கிறது.

பிறகு அந்த பஸ்.

அதன் மிதிபலகையில் நான் நாலு வருடம் நின்றவன். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன், ஹட்டனிலிருந்து மஸ்கெலியா. அதற்குக் கதவு கிடையாது. நான்தான் கதவு. மழை அடித்தால் உள்ளே இருப்பவர்களுக்கு முன்னால் என் முதுகு நனையும். காலையில் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்து முடிந்து பெண்கள் மலைக்கு ஏறும்போது நாங்கள் கீழே ரோட்டில் போவோம். அவர்கள் கூப்பிடுவார்கள், நான் கை காட்டுவேன். அப்போது அந்த பஸ் நீலம். தண்ணீர் ஊற்றிய மை மாதிரி மங்கின நீலம்.

பஸ் முதலாளி டவுனில் பலசரக்குக் கடையும் வைத்திருந்தவர். என்ஜின் செத்தபின் பஸ்ஸை அந்த வளைவில் தள்ளிவிட்டுப் போனார். இப்போது அதில் என் தங்கை சரோஜா கடை வைத்திருக்கிறாள். ரொட்டி, கட்டச் சம்பல், வடை, பிளேன்டீ. கொழுந்து எடுத்தவள். முழங்கால் போனது. பிறகு புருஷனும் போனார். பதினோரு வருடமாக அவளுக்குச் சோறு போடுவது அந்த பஸ்தான். படுக்க மட்டும் தோட்டத்து லயத்து வீட்டுக்குப் போவாள்.

ஜெர்மனியில் வாங்கிய ஆரஞ்சுக் கோட்டும் தொப்பியுமாக நான் போனபோது பஸ் மஞ்சளாக இருந்தது. கோயில் மதிலுக்கு அடித்து மிஞ்சிய பெயின்ட்டாம். ஜன்னல் சட்டம் எல்லாம் ரோஸ். முன்பக்கம் போன் கம்பனி ஒன்றின் விளம்பரத் தகடு.

"எப்புடிண்ணே?" என்றாள். "ரெண்டு நாளு நானே ஏறி அடிச்சேன். அந்தா, கீழ் வளைவுலருந்தே தெரியும். பசிச்ச டிரைவருமாரு மஞ்சளப் பாத்துத்தான் பிரேக் போடுறாங்க."

"நல்லா இருக்கு" என்றேன். எனக்கு நன்றாகத் தோன்றவில்லை. நான் தேடி வந்தது வேறு பஸ்.

போனைத் தூக்கிப் பார்த்தேன். வடை வைக்கும் கண்ணாடிப் பெட்டி இடைஞ்சல். சிவப்பு பேசின் இடைஞ்சல்.

"இதக் கொஞ்சம் உள்ள வையேன் சரோ."

"ஏண்ணே?"

"படத்துக்கு."

வைத்தாள். தகட்டைக் கழற்றச் சொன்னேன், கழற்றினாள். அடுப்பை ஒரு சாக்குப் போட்டு மூடினாள். கிளாஸ்களை வாளிக்குள் போட்டாள். பெஞ்சைப் பின்னால் இழுத்தாள்.

"நீயும் கொஞ்சம் தள்ளி நில்லு."

"நானுமா?" இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "கடையப் படம் எடுக்குறீங்களா, பஸ்ஸப் படம் எடுக்குறீங்களா?"

"பஸ்ஸத்தான்."

"அப்ப நானு?"

"உன்ன அப்புறம் எடுக்கிறேன்."

தூறல் தொடங்கியிருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் டீ குடிக்க வந்து நின்றார். பெஞ்சைக் காணோம், கிளாசைக் காணோம்.

"என்னக்கா, சொல்லாமக் கொள்ளாமக் கடையத் தூக்கிட்டீங்க?"

"எங்கண்ணே ஜெர்மனியிலருந்து வந்து தூக்க வச்சிருக்காருப்பா. நீயும் அந்தப் பக்கம் போயி நில்லு. படத்துக்கு நீயும் ஆகமாட்டியாம்."

"நான் ஆகமாட்டேன் சரி. நீங்களுமா ஆகல?"

"நானுந்தான். வா, ரெண்டு பேருமா மழையில நிப்போம்."

முப்பது படம் எடுத்தேன். முடிக்கும்போது மழை பெரிதாகிவிட்டது. அவளை எடுக்கவில்லை. அடுத்த நாளும் எடுக்கவில்லை. லீவு முடிந்தது.

3

வாரத்தில் ஆறு நாள் நான் தமிழ் பேசுவதில்லை. வேலையில் தமிழ் ஆள் இல்லை. வீட்டில் ஆளே இல்லை. ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நாளைக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அனு கூப்பிடுவாள். சாப்பிட்டீங்களா, குளிரா, மருந்து போட்டீங்களா. அதோடு அவளுக்குத் தெரிந்த தமிழும் தீரும், எனக்குத் தெரிந்த சங்கதியும் தீரும். பத்து நிமிடம் போகாது.

ஜனவரிக்குப் பிறகு படங்கள் வந்தன பேச்சுக்கு. போனிலேயே நிறம் மாற்றும் வித்தையை அனு சொல்லித்தந்தாள். விரலை ஒரு பக்கம் இழுத்தால் கலர். மறுபக்கம் இழுத்தால் பழுப்பு, அந்தக் காலத்துப் படம் மாதிரி. மாசி முழுக்க நாங்கள் ஞாயிறுதோறும் நிறம் பேசினோம். அரை மணி நேரம் போகும். சில நாள் முக்கால் மணி.

தபால் பெட்டியைப் பழுப்பாக்கினேன். வெறும் மரக்கட்டை மாதிரி ஆகிவிட்டது.

"சிவப்பு போனா அது தபால் பெட்டியே இல்ல அப்பா" என்றாள். சரி, சிவப்பாகவே விட்டோம்.

மைல்கல் கறுப்பும் வெள்ளையும்தான். பாசி மட்டும் பச்சை. பழுப்பாக்கினால் எழுத்து நன்றாகத் தெரிந்தது. அது பழுப்பு. பெட்ரோல் பம்பு துருவேறித் தானாகவே பழுப்பு, நாம் ஆக்க ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே முளைத்த செடியின் பச்சையை எடுத்தால் அது எத்தனை காலமாகக் கிடக்கிறது என்பது போய்விடுகிறது. அது கலர். இரும்புக் காலுக்கு மட்டும் இரண்டு ஞாயிறு எடுத்தது. பின்னால் தேயிலை மலை. மலையைக் கலரில் வைத்தால் பச்சை எல்லாவற்றையும் தின்றுவிடும். கலண்டர் மாதிரி. பார்க்கிறவர்கள் ஆகா என்று மலையைப் பார்ப்பார்களே தவிர முன்னால் நிற்கிற இரும்பைப் பார்க்கமாட்டார்கள். பழுப்பாக்கினால் மலை தன் இடத்துக்குப் பின்னால் போய்விடும். அதனால் அது பழுப்பு.

இப்படி ஒவ்வொன்றுக்கும் காரணம் பார்த்தோம். பஸ்ஸுக்கு மட்டும் நான் காரணம் பார்க்கவில்லை. விரலை இழுத்தேன். மஞ்சள் போனது, ரோஸ் போனது. பழுப்பில் அது எந்த நிறமாகவும் இருக்கலாம். மங்கின நீலமாகவும் இருக்கலாம். மிதிபலகை தெரிந்தது. நான் நின்ற இடம்.

"மஞ்சள் நல்லா இருந்துச்சே அப்பா" என்றாள் அனு.

"வேணாம். இதுதான் பஸ்."

"உண்மையாவா?"

"உண்மையாத்தான். பஸ்ஸோட கலர் படத்தையெல்லாம் அழிச்சிரு."

நான் என் போனில் அழித்தேன். இடம் போதவில்லை என்று அது தினமும் முறைப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு பங்குனியில் சுவர் வந்தது. அனு பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுத் தபாலில் அனுப்பினாள்.

4

அதன்பிறகு சாப்பாட்டு அறையில் என் இடத்தை மாற்றிக்கொண்டேன். முன்பு ஜன்னல் பக்கம். பிறகு படத்துக்கு எதிரே. ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு பஸ்ஸைப் பார்ப்பேன். இருபது நிமிடம். யாராவது உன் ஊர் எது என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டினால் போதும். என் ஜெர்மன் மிச்சம்.

அந்த வாரம் வதிவிட அட்டையைப் புதுப்பிக்கவும் போயிருந்தேன். நான் கொண்டுபோன படத்தை அங்கே வேலை செய்யும் பெண் திருப்பித் தந்துவிட்டாள். வீட்டு பல்ப் வெளிச்சத்தில் எடுத்தது, முகம் மஞ்சளடித்திருக்கிறதாம். முகத்தின் உண்மை நிறம் வேண்டும், இன்றைக்கு உள்ள முகம் வேண்டும் என்றாள். கீழே இருந்த, காசு போட்டால் படம் எடுக்கும் பெட்டிக்குள் போய் உட்கார்ந்து, சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தேன். வரிசையில் மறுபடி இரண்டு மணி நேரம்.

5

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணி இடைவேளையில் சரோஜா கூப்பிட்டாள். அவள் வேலை நாளில் கூப்பிடுகிறவள் அல்ல.

"அண்ணே, வேலையில இருக்கீங்களா?"

"சொல்லு."

"ரோட்டப் பெருசாக்குறாங்க. ஓரத்துல இருக்கிற கடையெல்லாம் எடுக்கணுமாம்."

எடுக்கிறவர்களுக்குச் சந்திக்குக் கிட்டே வரிசையாகப் புதுக் கடை கட்டிக் கொடுப்பார்களாம். ஆனால் நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே கடை நடத்தியவர்களுக்கு மட்டும். நோட்டீஸ் மாசியில் ஒட்டியிருக்கிறார்கள். கடை கிடைக்கும் என்று தெரிந்ததும் ஒரே வாரத்தில் ரோட்டோரத்தில் பத்துப் பதினைந்து பேர் தகரம் நட்டுவிட்டார்கள். அதனால் அரசாங்கக் கந்தோரில் இருக்கும் சிங்கள அதிகாரிகள் அத்தாட்சி கேட்கிறார்கள். கரண்ட் பில் கொண்டுவா என்றார்களாம். பஸ்ஸில் கரண்ட் இல்லை. பஸ் முதலாளி செத்துப்போனார். கடை வைத்துக்கொள் என்று அவர் சொன்னது வாய்ப்பேச்சு, அது அவரோடு போனது. கிராம சேவகர் இப்போதுதான் மாறி வந்தவர், அவருக்கு ஒன்றும் தெரியாது.

"நோட்டீசுக்கு முந்தி கடை ஓடுனதுக்கு ஒரு படம் இருந்தாலும் போதும்னாரு கந்தோர் மாத்தயா. எங்கிட்ட ஏதுண்ணே படம்? தன் கடையத் தானே யாரு படம் எடுப்பா? வெளிய வந்து அழுதுட்டேன். அப்பறந்தான் நெனப்பு வந்துச்சு. நீங்கதான் முப்பது எடுத்தீங்களே!"

"அனுப்புறேன்" என்றேன்.

பழுப்புப் படத்தை அனுப்பினேன். இருந்தது அதுதான். யோசிக்கவில்லை. பஸ் அதுதானே, வளைவு அதுதானே என்றிருந்தேன்.

வியாழக்கிழமை மறுபடி கூப்பிட்டாள். குரல் இறங்கியிருந்தது.

"மாத்தயா சிரிச்சிட்டாருண்ணே."

"ஏன்?"

"'நங்கி, தங்கச்சி, இது உங்க தாத்தா காலத்துப் படம், நான் இப்ப உள்ளதக் கேட்டேன்'னாரு. இல்ல மாத்தயா, ஜனவரியில எடுத்ததுன்னேன். பக்கத்து மேசக்காரரக் கூப்புட்டுக் காட்டுனாரு. அவரும் சேந்து சிரிச்சாரு."

நான் எதிர்ச் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன்.

"சிரிச்சது போகட்டும். இதுல கடை எங்கன்னு கேட்டாரு. ஆளு இல்ல, அடுப்பு இல்ல, ஒரு கிளாசு இல்ல. இது கைவிட்ட பஸ்ஸுன்னாரு. வெளிய வந்து நானும் பெருசாக்கிப் பாத்தேன். அப்புடித்தாண்ணே இருக்கு. நான் எங்கயும் இல்ல."

"ம்."

"லயத்துல பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பாத்துட்டு, 'யாரு சரோ, யாரு போயிட்டா'ன்னு கேக்குது. நம்ம பக்கம் செத்தவங்களத்தானே இந்தக் கலர்ல போடுவாங்க."

அவள் சொன்னது உண்மை. எங்கள் லயத்தில் அப்பாவின் படம் அப்படித்தான் தொங்குகிறது. அடையாள அட்டைக்கு எடுத்த ஒரே படம். செத்த பிறகு ஹட்டன் ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, பழுப்படித்து, சட்டம் போட்டு வாங்கினோம். எல்லா வீட்டிலும் அப்படித்தான். உயிரோடு இருக்கிறவர்கள் கலண்டருக்குப் பக்கத்தில் கலரில் இருப்பார்கள். அந்த நிறத்தைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் என்ன நினைப்பார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. இங்கே இருந்துகொண்டு அது நினைவில் வரவில்லை.

"கலர் படம் அனுப்புங்கண்ணே" என்றாள். "வர்ற புதன்கிழம கடைசி நாளு. அதோட லிஸ்ட்ட மூடிருவாங்க."

6

கலர் படம் என்னிடம் இல்லை. இருந்தாலும் அதில் அவள் இல்லை. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வரும் பஸ்ஸில் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னது நான். தகட்டைக் கழற்றச் சொன்னது நான். அடுப்பு, கிளாஸ், பெஞ்சு. கடைசியில் அவளையும். ரோட்டுக்காரர்கள் இனிமேல் செய்யப்போவதை நான் ஜனவரியிலேயே செய்து முடித்திருந்தேன். அவளும் மறுக்காமல் செய்தாள். ஒன்பது வருடத்துக்குப் பிறகு வந்த அண்ணன் கேட்கிறான் என்று.

அனுவைக் கூப்பிட்டேன். வேலை நாள். எடுக்கவில்லை. வேலை நாளில் நான் அவளைக் கூப்பிட்டது அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான். ஐந்து நிமிடத்தில் அவளே கூப்பிட்டாள். மூச்சு வாங்கியது. படியில் நின்று பேசுகிறாள் போலிருந்தது.

"அப்பா, என்ன? என்ன ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல. அத்தைக்குத்தான்."

சொன்னேன். ரோட்டைச் சொன்னேன், கந்தோரைச் சொன்னேன். நடுவில் தமிழ் புரியாமல் இரண்டு தரம் நிறுத்தினாள். ஜெர்மனில் சொன்னேன். என் ஜெர்மனும் புரியவில்லை. மறுபடி தமிழில் மெதுவாகச் சொன்னேன்.

"நான்தான் அழிக்கச் சொன்னேன். உன்மேல தப்பு இல்ல" என்றேன்.

"நான் அழிக்கல அப்பா."

"சொன்னேனே."

"நீங்க சொன்னீங்க. நான் அழிக்கல."

சாயந்தரம் வீட்டுக்குப் போய்த் தன் கம்ப்யூட்டரில் திறந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இதுல பஸ் மட்டும். இதுலயும் பஸ் மட்டும். இது சைடு. இதுல மழை. எல்லாம் மஞ்சளாக, எல்லாம் காலியாக. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பது ஆனதும் அவ்வளவுதான் என்றேன்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"முப்பதுதான் எடுத்தேன்."

"இது நீங்க தெரியாம எடுத்து, மத்ததோட சேத்து அனுப்பினது. முதல் படம். கோணலா இருக்கு."

அனுப்பினாள். போனைக் கண்ணுக்கு நேரே தூக்கும்போது விரல் பட்டிருக்க வேண்டும். பஸ் சாய்ந்து நிற்கிறது. சரோஜா அடுப்புக்கு முன்னால், ரொட்டியைத் தட்டியபடி, பாதி திரும்பி, வாயைத் திறந்து என்னிடம் ஏதோ சொல்கிறாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வடை. யாரோ ஒருவரின் கை, கிளாசோடு. உள்ளே டிரைவர் இருக்கைக்கு மேலே கலண்டர். அனு அதை மட்டும் பெரிதாக்கித் தனியே அனுப்பினாள். ஜனவரி. வருடமும் தெரிந்தது. எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த மஞ்சள்.

நான் படத்தை விரலால் நகர்த்திச் சரோஜாவின் முகத்துக்குக் கொண்டுவந்தேன். அனு போனை வைக்கவில்லை.

"இத எதுக்கு வச்சிருந்த?" என்று கேட்டேன்.

"என் போனத் திறந்தா இதுதான் அப்பா வரும். ஜனவரியிலருந்து."

"எங்கிட்ட காட்டலியே."

"உங்களுக்குப் பழுப்புதானே பிடிச்சிது."

பிறகு அவளே கேட்டாள்.

"அத்தை இதுல என்ன சொல்றாங்க?"

எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. "ரொட்டி சாப்பிடக் கூப்பிடுறா" என்றேன்.

"நினைச்சேன்" என்றாள்.

7

படத்தைச் சரோஜாவுக்கு அனுப்பிவிட்டுப் புதன் வரை காத்திருந்தேன். சாப்பாட்டு அறையில் பழைய ஜன்னல் பக்கத்துக்கே போய் உட்கார்ந்தேன். சுவரில் இருக்கும் படத்தை எடுக்கவில்லை. எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பாஷை இல்லை. உண்மையைச் சொன்னால் அது இன்றும் அழகான படம்தான். தொல்லையே அதுதான்.

புதன்கிழமை ஒன்பது மணிக்குக் கூப்பிட்டாள். ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம். கடையில் இருந்து பேசினாள். பின்னால் லொறி ஒன்று வளைவில் ஏறும் சத்தம் கேட்டது.

"அண்ணே, பேரு ஏறிருச்சு! ஒம்பதாம் நம்பரு கடை."

"என்ன சொன்னாரு?"

"பாத்தாரு பாத்தாரு, அவ்வளவு நேரம் பாத்தாரு. கண்ணாடியக் கழட்டிட்டுப் பாத்தாரு, போட்டுக்கிட்டுப் பாத்தாரு. கலண்டரப் பாத்தாரு. 'ஆ, இது கடை'ன்னாரு. ரொட்டியப் பாத்தா பசிக்குதுன்னாரு. வாங்க மாத்தயா, வந்து சாப்புடுங்கன்னேன். கையெழுத்தப் போட்டாரு."

நான் சிரித்தேன். லொறிச் சத்தத்தில் அவளுக்குக் கேட்டிருக்காது.

"பஸ்ஸ என்ன செய்யிறாங்க?"

"வெட்டி இரும்புக்கு எடுக்கப் போறாங்க. முதலாளி மகன் வந்து பேசிட்டுப் போனாரு."

"உனக்கு..."

"எனக்கென்னண்ணே? மழ பேஞ்சா நடு முதுகுல ஒழுகும். ஒம்பதாம் நம்பருல ஒழுகாது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது."

"சொல்லு."

"அந்தப் படத்துல நீங்க இருக்கீங்க. வடப் பெட்டி கண்ணாடியில தெரியிறீங்க. அந்த ஆரஞ்சுக் கோட்டும் தொப்பியும். மூஞ்சி தெரியாம, அதுக்கு நேராப் போனப் புடிச்சிக்கிட்டு."

நான் அதைக் கவனிக்கவில்லை. அனுவும் சொல்லவில்லை.

"மாத்தயா கவனிச்சிட்டாரு. இது யாருன்னு கேட்டாரு. கடை கேட்டு எழுதிக்குடுக்கிற பாரத்துல ஒரு கேள்வி இருக்குண்ணே. வெளிநாட்டுல கூடப்பொறந்தவங்க, புள்ளைங்க யாரும் இருக்காங்களான்னு. இருக்காங்கன்னு போட்டா, அவங்களுக்கு என்னா அவசரம்னு கடைசியில தள்ளிர்றாங்க. ரெண்டு பேர அப்புடித் தள்ளிட்டாங்க. நான் யாரும் இல்லன்னு போட்டிருந்தேன்."

"சரி."

"அதனால, யாரோ ஊர் சுத்திப் பாக்க வந்த வெள்ளக்காரரு மாத்தயா, ரொட்டி தின்னுட்டுப் படம் எடுத்தாரு, நல்ல மனுசன், அனுப்பியும் வச்சாருன்னு சொல்லிட்டேன்."

எங்கள் இடைவேளை முடிந்து மணி அடித்தார்கள். எல்லாரும் எழுந்து போனார்கள். நான் உட்கார்ந்திருந்தேன்.

"நம்புனாரா?"

"ஒடனே நம்புனாரு. கோட்டப் பாத்தாலே தெரியுதுன்னாரு."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள்.

"கோவமாண்ணே?"

"இல்ல."

"கடைக்காகத்தாண்ணே சொன்னேன்."

"தெரியும்." பிறகு கேட்டேன். "அந்த வெள்ளக்காரரு திரும்ப வந்தா ஒம்பதாம் நம்பருல டீ குடுப்பியா?"

"காசு வாங்கிக்கிட்டுத்தான்" என்றாள்.

அந்தப் பக்கம் யாரோ இரண்டு பிளேன்டீ கேட்டார்கள். இந்தா வாறேன் என்று அவர்களுக்குச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.